தாய் பெயர் முதலில்

கவ்வாத்துக் கத்தி படாத மூன்று வருஷத்தில்
ஏழாம் நம்பர் மலை பூத்துவிட்டது.
கொழுந்தெடுத்த பதினெட்டு வருஷத்தில்
ஒரு தேயிலைப் பூவையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.
பூத்தால் செடி சோம்பிவிட்டது என்பார் கணக்கப்பிள்ளை.
கிள்ளி எறிவோம்.

இப்போது பூவுக்குத்தான் சம்பளம்.
ஐப்பசி முதல் தை வரை
தலவாக்கலையில், கலப்புப் பிரிவில், நாள்கூலிக்கு.
ஒரு மெல்லிய தூரிகை, கடதாசி உறை இருநூறு,
சிவப்பு நூல், சீட்டு, பென்சில்.
பேனா வேண்டாம், மழை தின்றுவிடும்
என்றாள் டிலானி மிஸ்.

மலைக்கு ஏறும் வழியில் ஓடை. ஓடைக்கல்லில் பாசி.
பாசியின் ஆண் அணு நீந்தித்தான் போகவேண்டுமாம்.
மழைச் சொட்டு ஒன்றுதான் அதற்குப் பாலம்.
சொட்டு இல்லையேல் பிள்ளை இல்லை.
கொஞ்சம் மேலே மரப்பன்னம்,
மூன்று ஆள் உயரம்.
அத்தனை வளர்ந்தும் பிள்ளைப்பேறு மட்டும்
இன்னும் தரையில்,
சுண்டுவிரல் நகமளவு பச்சைத் தகட்டின் அடியில்.
அங்கேயும் நீச்சல்தான்.

கோடி கோடி வருஷம் தண்ணீருக்கு வாடகை கட்டிய பிறகு
ஏதோ ஒரு செடி
நீந்தவேண்டியதை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியது.
காய்ந்தாலும் சாகாத பெட்டி.
ஹோட்டன் சமவெளிச் சேற்றுக்குள்
எந்தக் காலத்துப் பெட்டிகளோ கிடக்கின்றனவாம்
உள்ளே ஆளில்லாமல்,
சுவர் மட்டும் அழியாமல்.

பைனஸ் காட்டைக் கேட்கவே வேண்டாம், ஊதாரி.
காற்று அசைந்தால் மஞ்சள் புகை.
ஒவ்வொரு தூளுக்கும் இரண்டு காற்றுப்பை கட்டி அனுப்புகிறது.
பாதி எங்கள் லயத்துத் தண்ணீர்ப் பீப்பாயில்
ஆடை கட்டிக் கிடக்கும்.
ஒதுக்கிவிட்டுத்தான் உலை வைப்பேன்.

தாது என்பார்கள் இதை.
இரும்பு கிடக்கும் கல்லுக்கும் அதே பேர்.
ஆணின் நீருக்கும் அதே பேர்.
சொல் வைத்தவன் சிக்கனக்காரன்.

ஏழாம் நம்பர் மலை முழுக்க ஒரே செடி.
ஒரே தாயின் ஒற்றை இலைத் துண்டுகள்
பதின்மூவாயிரம் பைகளில் வேர்விட்டு
வரிசையாக இறங்கியவை.
பூத்தென்ன?
பக்கத்துச் செடியின் தாது விழுந்தாலும்
தன்னுடையதே தன்மேல் விழுந்த கதை.
குழாய் இறங்கும்,
இருட்டில் சூல் வாசல்வரை போகும்,
அங்கே கதவு திறக்காது.
காய் பிடித்தது ஓரத்து வரிசையில் மட்டும்,
பழைய விதைத் தேயிலைக்கு எதிரே,
ஓர் ஈ போய்வரும் தூரத்தில்.

நான் அந்த ஈயின் வேலைக்கு வந்தவள்.
மொட்டைத் திறந்து, கம்பிகளைக் கிள்ளி,
வேற்றுத் தாதைத் தொட்டு வைத்து,
உறை மாட்டி, நூல் கட்டி, சீட்டு எழுதி.

சீட்டில் தாய் பெயர் முதலில்.
பிறகு ஒரு பெருக்கல் குறி.
பிறகு தகப்பன்.
முதல் நாள் நாற்பதையும் மாற்றி எழுதிவிட்டேன்
ஊர்ப் பழக்கத்தில்.
திரும்ப உட்கார்ந்து எழுதினேன்.

இந்த ஏழாம் நம்பருக்குத் தகப்பன் யார் என்று கேட்டேன்.
மிஸ் பதிவேட்டைப் புரட்டினாள்.
தாய் இலக்கம் இருந்தது.
அடுத்த கட்டத்தில் ஒரு கோடு.
'ஈயோ வண்டோ, யாரும் பார்க்கவில்லை' என்றாள்.
என் பிறப்புச் சான்றிதழிலும் அந்தக் கோடு உண்டு,
ஏறக்குறைய அதே நீளம்.
நான் சொல்லவில்லை.
பொறுக்கிய கடலை வடை ஆறிப்போயிருந்தது,
பிட்டு அவளுக்குப் பாதி கொடுத்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு பூ.
பத்தொன்பது பிடித்தது.
காய் முற்றப் பத்து மாதம் ஆகும்,
என் பேர் தையோடு முடிந்தது.

மாசியில் வேறு மலைக்குக் கொழுந்துக்குப் போகையில்
வேலியோரம் நின்று பார்த்தேன்.
சீட்டுகள் மழையில் சுருண்டிருந்தன.
ஒன்றை விரலால் நிமிர்த்தினேன்.
என் கையெழுத்துத்தான்,
கோணல்.
தெளிவாக இருந்தது.