விளக்குக் குமிழ்

என் கார் பிறந்தது பிரேமனில்,
அறுபத்தொன்றாம் வருடம், ஜூலை.
போர்க்வார்ட் இசபெல்லா.
அந்த வருடமே கம்பெனி கவிழ்ந்தது.
நான் பிறக்க இன்னும் பதினாறு ஆண்டு இருந்தது.

டாஷ்போர்டில் வரிசையாக நான்கு குமிழ்.
மூன்று தந்த நிறம்.
விளக்கைப் போடும் நான்காவது மட்டும் கறுப்பு,
சிரிக்கிற வாயில் சொத்தைப் பல்.
முன்னால் வைத்திருந்தவன் எவனோ
கைக்குக் கிடைத்ததைத் திருகிவிட்டுப் போயிருக்கிறான்.
முகம் தெரியாத அவனை
ஒன்பது வருடம் திட்டினேன்.

டிராம் ஓட்டி மிச்சம் பிடித்த சனிக்கிழமைகள்
பழைய சாமான் சந்தைகளில் கரைந்தன.
ஓல்டன்பர்க்கில் மழை. க்ரோனிங்கனில் மழை.
தார்ப்பாய்க்கு அடியில் குனிந்து
பிஸ்கட் டப்பாக்களைக் கிளறிக் கிளறி
நகக்கண்ணில் ஏறிய கிரீஸ்
திங்கட்கிழமையும் போகாது.
தந்த நிறம் என்று நீட்டினார்கள், பால் வெள்ளை.
நிறம் பொருந்தினால் மரை பொருந்தவில்லை.
மரையும் பொருந்திய ஒன்றைத் திருப்பிப் பார்த்தால்
அடியில் வார்ப்பு எண்: ஐம்பத்தாறு.
அண்ணன் சட்டை. வேண்டாம்.

அச்சு எடுத்துப் புதிதாக வார்த்துத் தருகிறேன் என்றான்
ஹில்டஸ்ஹைமில் ஒருவன்.
பொய்ப்பல் கட்டமாட்டேன் என்றேன்.
"நீங்கள் தேடுவது குமிழ் இல்லை,
ஒரு ஜூலை மாதம்" என்று சொல்லிவிட்டு
டீயை ஊதிக் குடித்தான்.

கடைசியில் அது டென்மார்க் எல்லை தாண்டி
ஒரு கோழிக்கொட்டகையில் இருந்தது.
சக்கரமில்லாத இசபெல்லா, இருக்கையெல்லாம் இறகு.
இங்கலீஸ் என்ற அந்தப் பெண்
நூற்றுநாற்பது யூரோ கேட்டாள்,
கூடவே கொட்டகைக் கதவின் கீலையும்
சரிசெய்து தரச் சொன்னாள்.
செய்தேன்.
எச்சத்தைத் துடைத்தபின் குமிழின் அடியில்
அறுபத்தொன்று, ஏழு.
வழியெல்லாம் அதைச் சட்டைப்பைக்குள்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கறுப்பை எம்டனில் இருக்கும் என்னோ ஹார்டர்ஸுக்கு
தபாலில் அனுப்பினேன், சும்மாவே.
அவன் வைத்திருப்பது அதே கம்பெனி லாரி.
லாரிக்குக் கறுப்புதான்.

மார்ச்சில் ஓட்டுநர் இருக்கையின் ஸ்பிரிங் உடைந்தது.
துணியைக் கிழித்தேன்.
குதிரைமயிருக்குள் எட்டாக மடித்த காகிதம்,
விற்பனை ரசீதின் கார்பன் நகல்.
ஓரத்தில் பென்சில் எழுத்து:
"விளக்குக் குமிழ் கறுப்பு, லாரியினுடையது.
வெள்ளை தொழிற்சாலையில் தீர்ந்துவிட்டது.
வாங்குபவர் சம்மதித்தார்.
ஐந்து மார்க் தள்ளுபடி."
கீழே கையெழுத்து, தேடா வெஸ்ஸல்ஸ்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
நான் திட்டிய ஆள்
பிறக்கவே இல்லை.

என்னோவைக் கூப்பிட்டேன்.
"அது வந்த அன்றைக்குத்தான் என் லாரி முழுசாச்சு" என்றான்.
பிறகு, "திருப்பி அனுப்பட்டுமா?"
அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே
அவன் பக்கத்துக் காற்று இரைந்தது.
இருக்கட்டும் என்றேன்.

ஜூன் மாதப் போட்டியில்
நடுவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
தலைகீழாகக் கூடப் பார்த்தார், பாவம், இடுப்பு வலியோடு.
"குமிழ்கள்: நான்கும் அசல்."
முழு மதிப்பெண்.
ரசீது என் பையில்தான் இருந்தது.
வாயைத் திறக்கவில்லை.
கோப்பை சின்னது, முட்டை வைக்கலாம்.

திரும்பும் வழியில் வெஸர் கரையோரம் இருட்டியது.
இடது கை தானாக நீண்டது.
கறுப்பின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும்,
கட்டைவிரல் நகம் போய் உட்காரும்படி.
தந்தக் குமிழில் விரல்
சுற்றிச் சுற்றி வந்தது.
இழுத்தேன்.
இரண்டு விளக்கும் எரிந்தன, குறையொன்றும் இல்லை.

தேடா வெஸ்ஸல்ஸ்,
அந்த ஐந்து மார்க்கை இப்போது
யாரிடம் கொண்டுபோய்க் கட்டுவது?