மூடி பிடிக்காத பாட்டில்

வேலியில் களா பழுத்துவிட்டது.
வேலி யாருடையது என்பது மட்டும்
திருத்துறைப்பூண்டி கோர்ட்டில்
ஆறு வருஷமாகப் பழுக்கவில்லை.

என் பக்கம் நீண்ட கிளைகளில் பறித்தேன்.
அந்தப் பக்கத்தை
உத்திராபதி வீட்டில் ஒருவரும் தொடவில்லை,
வக்கீல் சொல்லியிருப்பார்.
அணிலுக்குச் சம்மன் வராது,
அது இரண்டு பக்கமும் தின்றது.

இரண்டிரண்டாக முள் விடுகிற செடி.
ஒன்றுக்குத் தப்பினால் மற்றது.
காம்பு கிள்ளிய இடத்தில் பால் வடிந்து
விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது,
தேங்காயெண்ணெய் தேய்த்துப் பிரித்தேன்.

நீடாமங்கலத்தில் மூன்று நாள் பயிற்சி,
நினைவிருப்பது இவ்வளவுதான்:
கறுத்துக் கனிந்தது நிறத்துக்கு,
பாதிச் சிவப்பில் நிற்பது உறைவதற்கு.
கனிந்ததை மட்டும் போட்டால்
பானகம்தான் மிஞ்சும்.

வெந்ததை அவருடைய பழைய வேட்டியில் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன்.
பிழியக் கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும்.
ராத்திரி முழுக்கக் குண்டானில்
சொட்டு, சொட்டு.
குவைத்திலிருந்து போன்:
"என்ன சத்தம், வீடு ஒழுகுதா?"
"இல்லை, உங்க வேட்டி."
அவருக்குப் புரியவில்லை.
கேஸ் என்னாச்சு என்றார்.
பதினாலாம் தேதிக்குத் தள்ளி வெச்சிருக்கு என்றேன்.

காலையில் சாறு ஒரு படி, சர்க்கரை ஒரு படி.
பொங்கி வந்த நுரையை வழித்து வழித்து எடுத்தேன்.
பிறகு கரண்டியைச் சாய்த்துப் பார்க்கணும்.
முதலில் இரண்டு துளி
தனித்தனியாக விழும்.
அப்போது இறக்கினால் வீண்.
இன்னும் கொஞ்சம்.
கரண்டி விளிம்பில் இரண்டும் நெருங்கி
சேர்ந்து
ஒரே படலமாகத் தொங்கி
விழ மனமில்லாமல் விழும்.
அந்த நொடியை விட்டால்
அப்புறம் கத்தியால்தான் வெட்டணும்.
முள்ளியாற்றில் தண்ணி வந்துட்டுது என்று
யாரோ சைக்கிளில் கத்திக்கொண்டே போனான்.
நான் கரண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இட்லிக் குண்டானில் துணி விரித்து
பாட்டில்களைக் கொதிக்க வைத்திருந்தேன்.
தேன் பாட்டில், காப்பித்தூள் பாட்டில்,
ஊறுகாய் வாசனை போகவே போகாத ஒன்று.
பதினொன்று.
சூட்டோடு ஊற்றி, வாயைத் துடைத்து, மூடி,
மறுபடி பத்து நிமிஷம் கொதி.
மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு
எதிரே உட்கார்ந்தேன்.

ஆறும்போது மூடி உள்வாங்கும்.
டக்.
காத்திருந்தால் இன்னொன்று.
டக்.
மத்தியானத்துக்குள் பத்து.
பதினொன்றாவது பேசவே இல்லை.
அமுக்கினால்
தவளைத் தொண்டை மாதிரி
எழும்பி எழும்பி இறங்கியது.

பத்து பாட்டிலும் ஒரு வருஷம் காத்திருக்கும்,
இருட்டில், கெடாமல்,
எங்கள் வழக்கு மாதிரி.
மூடி பிடிக்காதது காத்திருக்காது.
பையன் ஹாஸ்டலில்.
எனக்கோ சர்க்கரை வியாதி.
அதனால்தான் கொடுத்தேன்,
வேறு காரணம் இல்லை.

உத்திராபதி மருமகள் நாகவள்ளி
துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
வேலிக்கு மேலே நீட்டினேன்,
முழங்கையில் முள் கோடு போட்டது.
"நாலு நாளைக்குள்ள சாப்பிட்டுடணும்.
வக்கீலைக் கேக்கணுமா?"
அவள் சிரிக்கவில்லை.
பாட்டிலை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தாள்.
அவள் கன்னத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம்
ஆடி நின்றது.
வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் நாள் காலை
தாவாவில் இருக்கிற சர்வே கல்லின் மேல்
பாட்டில், கழுவிக் கவிழ்த்து.
பக்கத்தில் பழைய டால்டா டப்பா நிறைய
அந்தப் பக்கத்துக் களா,
காம்பு நீக்கி,
எல்லாமே பாதிச் சிவப்பு.
கொல்லையிலிருந்து குரல் மட்டும் வந்தது:
"இனிப்பு தூக்கல்னு மாமா சொன்னாங்க."

மூடியைக் காணோம்.
போகட்டும், அது எதையும் பிடித்து வைக்காது.
பதினாலாம் தேதி வாய்தா.
கோர்ட்டுக்குப் போகிற வழியில்
புது மூடி வாங்கணும்.