விழுந்து இருக்கிறது

குஷிரோ நிலையத்தில் நெமுரோ ரயில் தாமதம்.
ஒற்றைப் பெட்டி. தண்டவாளத்தில் மான் நிற்கிறதாம்.
கண்ணாடிக்கு வெளியே பனி: ஃபுத்தே இரு.
பெய்துகொண்டிருக்கிறது.
நடைமேடையில் ஒரு கையுறை: ஒச்சித்தே இரு.
விழுந்துகொண்டிருக்கவில்லை.
விழுந்தாயிற்று. விழுந்து, அங்கே இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே வால்.
ஓடுகிறதா, ஓய்ந்ததா என்பதை
வினைச்சொல் தனக்குள் தீர்மானித்துக்கொள்ளும்.
பாடப்புத்தகத்தில் இந்தப் பக்கத்தில் இடறியவன்
மூன்று மாதமாய் இங்கேயே கிடக்கிறேன்.
நம் 'இரு' போலவே ஒலிக்கிற 'இரு'.
உறவு கொண்டாடாதே என்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தொலைந்த பொருள் ஜன்னலில் முராகோஷி
கையுறையைப் படிவத்தில் ஏற்றுகிறார்.
இடது. கம்பளி. கருநீலம். ஆண் அளவு.
நிலை: நுரெத்தே இரு. நனைந்திருக்கிறது.
எழுதிவிட்டு, அதை
மண்ணெண்ணெய் அடுப்பின் கம்பிமேல் காயப்போடுகிறார்.
எழுதியது பொய்யாக
இன்னும் அரைமணி நேரம்.

தொமோஎ வந்தபோது உலர்ந்திருந்தது.
சின்னக் கைகள் அவளுக்கு. விதி விதிதான்:
யாருடையது?
கணவருடையது.
அவர் எங்கே?
இத்தே இரு, என்றாள், கடல் பக்கம் தலையசைத்து.
போய்க்கொண்டிருக்கிறார் என்று
என் காது முதலில் தப்பாக எடுத்துக்கொண்டது.
இல்லை. போய், போன இடத்தில் இருக்கிறார்.
பொல்லாக் மீனுக்குப் போன படகு.
பத்தொன்பது நாள்.

எப்போது வருவார் என்று
முராகோஷி கேட்டிருக்க வேண்டாம்.

தெரியும் என்றால் ஷித்தே இரு:
அறிந்து, அறிந்தபடி இருப்பது.
தெரியாது என்றால் வால் கழன்றுவிடும்.
வெறும் ஷிரனாய்.
'இரு' இல்லாத அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு
கோட்டுப் பையிலிருந்து வலது கையுறையை எடுத்து
இடதின் பக்கத்தில் வைத்தாள்.
ஜோடி சரி. கையெழுத்து. முத்திரை.

ஷிந்தே இரு என்று ஒன்று உண்டு.
இறந்துகொண்டிருக்கிறார் என்று அதற்குப் பொருளே இல்லை,
கவனம், என்று என் புத்தகம்
அதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது.
துறைமுக அலுவலகத்தில்
யாரும் இன்னும் அதை எழுதவில்லை போலும்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை.
என் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து
அந்தப் பெரிய கையுறைகளுக்குள்
கைகளை நுழைத்துக்கொண்டாள்.
விரல் நுனிகள் காலியாகத் தொங்கின.
நெமுரோ ரயிலுக்கா, என்றேன், கற்றுக்குட்டி ஜப்பானியத்தில்.
மத்தே இரு, என்றாள்.
காத்திருக்கிறேன்.

இது செயலா, நிலையா?
புத்தகம் மடியில்தான் இருந்தது.
திறக்கவில்லை.
ஒலிபெருக்கி கரகரத்தது:
மான் போய்விட்டதாம்.