மஞ்சள் கால்

புத்தகத்தில் இரண்டு காடை.
ஒன்றுக்கு ஈயநிறக் கால், மார்பில் கறுப்பு வரி.
மற்றதுக்கு மஞ்சள் கால்; வரியில்லை, பொட்டுகள்.
அது கடல் தாண்டாதாம்.

ஒலுமடு. மழை விட்ட மறுநாள்.
சிவப்புத் தலைத் தடிகளுக்கு அப்பால்
நாங்கள் இன்னும் கிண்டாத நிலத்தில்
ஒரு ஆண், பின்னால் மூன்று குஞ்சு.
கால் மஞ்சள்.

முழங்காலில் நின்றபடியே கனகேஸ்வரி
"களி" என்றாள்.
இருக்கலாம்.
அங்கே போய்க் கழுவிப் பார்க்க ஏலாது.

பற்றைக்குள் பெட்டை உறுமுகிறாள்,
தூரத்து மோட்டார் சைக்கிள் மாதிரி,
இன்னொருத்தனைக் கூப்பிட்டு.
இவன் குஞ்சுகளோடு
கயிற்றுக்குக் கீழால் எங்கள் பக்கம் வந்தான்.
நடுவில் ஒரு குட்டை.
சுற்றிப் போனான்.

ஈரத்தில் மும்மூன்று விரல்.
பின்விரல்
இரண்டு இனத்துக்கும் இல்லை.