ஏழாவது குறுக்குத்தெரு

செவ்வாய்ப்பேட்டையில் வழி தவறினாலும்
ஏதாவதொரு சந்து
கடைவீதியில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கருப்பூர் தாண்டி நான் வரைந்த லேஅவுட்டில்
ஏழாவது குறுக்குத்தெரு
சர்வே எண் மாறும் இடத்தில் நின்றுவிட்டது.
அந்தப் பக்கத்து மனைகளை வேறொருவர் வரைந்தார்.
இருவர் கோடும் சரிதான்;
அப்ரூவல் கிடைத்தது.

இப்போது அங்கேயே குடியிருக்கிறேன்.
சுவருக்கு அப்பால் தட்டுவடை செட் வண்டி:
பூண்டுச் சட்னி வாசத்துக்குப் பத்தடி,
பைக்குக்கு மூன்றேகால் கிலோமீட்டர்.

போன வாரம் யாரோ
நாலு ஹாலோ பிளாக்கைப் பெயர்த்திருக்கிறார்கள்.
முதலில் ஒரு நாய் வந்தது.
பிறகு ஸ்கூல் பையை முன்னே தள்ளிவிட்டு
பின்னாலேயே ஒரு சிறுமி.
நேற்று கேஸ் சிலிண்டரே வந்துவிட்டது.

அசோசியேஷன் செயலாளர் செங்கோட்டுவேல்
மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டாராம்.
ஓட்டையின் அளவு கேட்டார் என்னிடம்.

டேப் வீட்டில் இல்லை என்றேன்.