வளைகிற பசை

துய்மா வீதி மாடியறை. தேக்குப் பலகைத் தரை.
போன ஐப்பசியில் சிமெண்டில் ஒட்டிய டைல்ஸ்
தையிலேயே பல்லிளித்துவிட்டது.

"இன்னும் கெட்டியாப் பாருங்க" என்றார் செலஸ்தீன் அம்மா.

நெல்லித்தோப்புக் கடையில்
மூட்டை மூட்டையாய்ப் புரட்டிப் படித்தேன்.
எல்லாம் கெட்டிதான்.
மரமோ மழைக்கு உப்பும், வெயிலுக்கு ஒடுங்கும்.
கூடவே நெளிந்துகொடுக்கிற ஒன்று வேண்டும்,
வெள்ளிக்கிழமை விருந்தாளிகள் வருமுன்
இறுகவும் வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணுலயா?"
சிரித்தபடி மூலையிலிருந்து தூசி தட்டி எடுத்தார்.
விலை இரட்டிப்பு.

அரை வாளிதான் குழைத்தேன்.
பீடி பற்றவைப்பதற்குள் கரண்டியைப் பிடித்துக்கொண்டது.

மூன்று மணி நேரம் கழித்து நடந்து பார்த்தேன்.
பலகை முனகியது.
டைல்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா மட்டும் இன்னும்
விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருக்கிறார்,
ஒவ்வொன்றாக.