இதர

கன்னியாகுமரிக்கென்று சேர்த்த பணம்
தில்ஷாத் மகனின் தேர்வுக் கட்டணத்தில்
நாகர்கோவில் ரயிலைத் தவறவிட்டது.
மிச்சம் ஆறாயிரம்.
சரி, கடல் வேண்டாம், குளிராவது காண்போம் என்று
சேலத்தில் ஏற்காடு பஸ் பிடித்து
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் மோந்தபடி ஏறினோம்.

நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன்:
பஸ், தங்கல், சாப்பாடு, இதர.
மருந்துக்கடையில் பில் போடுகிறவள் நான்.
பைசா பிசகினால் தூக்கம் வராது.
டார்மிட்டரியில் கட்டில் முன்னூற்றைம்பது,
வெந்நீர் வாளி இருபது.
புளிச்சோறு வீட்டிலிருந்தே;
இரண்டாம் நாள்தான் அதற்கு ருசி ஏறும்.
படகுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு
கரையோடு நடந்தே ஏரியைச் சுற்றினோம்.
அது இலவசம்.

அப்போதுதான் அந்தப் பலகை.
‘மலையில் கடற்கரை. ஒரு நாள். ஆளுக்கு 1,850.’
வாசலில் நின்ற காவலாளி
எங்கள் கட்டைப்பையைப் பார்த்தார்,
பிறகு வானத்தைப் பார்த்தார்.
அந்தப் பார்வைக்காகத்தான் போனோம் என்று
தில்ஷாத் இன்றும் சொல்வாள்.
நான் அப்படிச் சொல்லமாட்டேன்.
எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான்.

மிளகாய் பஜ்ஜிக் கடையோரம் சண்டை.
‘பைத்தியமா? நாளை மறுநாள் எதைத் தின்பது?’
‘நாளை மறுநாள் வீட்டில் தின்போம்.’
நான்கு நாள் பயணம்
இப்படித்தான் இரண்டரை நாளானது.

காலை பத்து முதல் மாலை ஆறு.
மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை சுற்றினார்கள்,
ஆஸ்பத்திரியில் சேர்ப்பதுபோல.
உள்ளே நீலக் குளம்,
அதன் ஒரு விளிம்பில்
லாரியில் ஏற்றிவந்து கொட்டிய மணல்.
தென்னை இல்லை. சில்வர் ஓக் மரங்கள்,
அவற்றில் தொற்றிய மிளகுக்கொடி.
சுடிதாரோடு நீரில் இறங்கக்கூடாதாம்,
வாடகை நீச்சலுடை இருநூறாம்.
காலை மட்டும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.
‘துண்டு எத்தனை வேணும்னாலும் எடுங்கக்கா’
என்றான் ஒரு பையன்.
எத்தனை வேணும்னாலும்!
நான்கு கால்களைத் துடைக்க
ஒன்பது துண்டுகளை நனைத்தோம்.

மதியம், பெயர் தெரியாத பதினோரு இனிப்பு.
பதினொன்றையும் தின்றேன்.
தில்ஷாத் இறால் மட்டும், திரும்பத் திரும்ப இறால்,
‘கடலுக்கு வந்திருக்கோமில்ல.’

மூன்று மணிக்கு மேகம் இறங்கியது.
முதலில் குளம் போயிற்று,
அப்புறம் குடைகள்.
பக்கத்து கோயமுத்தூர்க் குடும்பம்
பிள்ளைகளைச் சுருட்டிக்கொண்டு அறைக்கு ஓடியது.
அவர்களுக்கு அறை இருந்தது.
எங்களுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது,
மணிக்கு இருநூற்று முப்பத்தொன்றேகால் ரூபாய்.
பல் கிட்டிக்க, ஈரத் துண்டுகளைப் போர்த்தி
மணலிலேயே படுத்துக் கிடந்தோம்.

சுவர் தெரியவில்லை, எதிர்மலை தெரியவில்லை,
கீழே சேலம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை.
குளத்து மோட்டார் மட்டும் எங்கேயோ
இழுத்து, விட்டு, இழுத்து.
‘கேக்குதா?’ என்றாள்.
‘ம்.’
இருவருமே கடலைப் பார்த்ததில்லை.
இது அது இல்லை என்று சொல்ல
அங்கே ஒருவரும் இல்லை.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.
மூவாயிரத்து எழுநூறு.
பஸ் இல்லை. தங்கவும் இல்லை.
சாப்பாடு என்று எழுதலாம், இனிப்புகள் சாட்சி.
பேனாவைப் பிடித்தபடியே தூங்கிப்போனேன்,
பைசா பிசகி,
விடியும்வரை அசையாமல்.

இறங்கும்போது கையில் நூற்றுச் சொச்சம்.
எலுமிச்சம்பழம் தீர்ந்திருந்தது.
எட்டாவது வளைவில் தில்ஷாத்
ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு,
ஆரஞ்சுப் பட்டை போட்ட கையால்
என் தோளைப் பிடித்து,
‘இறாலெல்லாம் போச்சுடி’ என்றாள்.